பகல் பதினொன்று இருபது

ஜனவரி 12, ஞாயிறு

ரஞ்சனி வந்திருக்கிறாள், மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு. அண்ணனும் அண்ணியும் விமான நிலையம் போனார்கள். எனக்கு விடைத்தாள் கட்டு பாக்கியிருந்ததால் போகவில்லை. மாலையில் உறையூரில் அண்ணன் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்து அவளே புத்தூருக்கு, என் வீட்டுக்கு வந்துவிட்டாள். கையில் வறுத்த கடற்பாசி நான்கு பாக்கெட், ஆய்வேட்டின் நான்கு இயல்கள்.

"சிவப்புப் பேனாவை எடுங்க அத்தை. அண்ணன் பொண்ணுன்னு பாக்காதீங்க."

சியோலில் அவளுக்கு இது முனைவர் பட்டத்தின் கடைசி ஆண்டு. பிப்ரவரி 20 திரும்பிப் போக டிக்கெட். 26ஆம் தேதிக்குள் துறையில் நேரில் கையெழுத்திட்டுப் பதிவு செய்யாவிட்டால் இடமும் உதவித்தொகையும் போய்விடும்.

ஞாயிறுதோறும் அங்கே ஒரு வீட்டில் கூடும் பன்னிரண்டு பெண்களைப் பற்றி எழுதுகிறாள். நான்கு 'இல்லை'களை ஏற்றவர்கள்: கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை, காதல் இல்லை, ஆணோடு படுக்கை இல்லை. கொரியாவில் இப்படி வாழும் பெண்கள் நிறைய உண்டாம். இவர்கள் கூடுதலாக ஒன்று செய்கிறார்கள். ஒவ்வொருத்தியின் ஜாதகத்தையும் போட்டு, கிரேக்கப் பெண் தெய்வங்களின் பெயர் கொண்ட சிறுகோள்கள் அதில் எங்கே நிற்கின்றன என்று பார்த்து, அந்தத் தெய்வத்தின் கதையைத் தன் கதையாகப் படிக்கிறார்கள்.

"படிச்சவங்களா?" என்றேன்.

"ஒருத்தங்க பல் டாக்டர்."

"பல் டாக்டர் ஜாதகம் பாக்குறாளா?"

"நம்ம ஊர்ல சிசேரியனுக்கே ஜோசியர்தான நேரம் குறிச்சுக் குடுக்குறாரு? நான் நம்பலத்தை. அவங்க ஏன் நம்புறாங்கன்னு எழுதறேன்."

நல்ல பதில். கிரேக்கக் கதைகளை முதலாமாண்டு மாணவிகளுக்கு இருபத்து நான்கு வருடமாக நடத்துகிறேன். ஜோதிடத்தை என்றும் நம்பியதில்லை.

நாற்பத்தொன்பது வயதில், அந்த நான்கு இல்லைகளையும் நான் ஒரு நாள்கூடத் தவறாமல் கடைப்பிடித்திருக்கிறேன். அதை இயக்கம் என்று யாரும் சொன்னதில்லை.

ஜனவரி 14, பொங்கல்

உறையூரில் சாப்பாடு. யாரோ நண்பரின் மகன் சியோலிலிருந்து அனுப்பிய படம் அண்ணனின் கைப்பேசியில் இருந்தது. ரஞ்சனி ஒரு ஊர்வலத்தில் அட்டை பிடித்து நிற்கிறாள். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று அண்ணன் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

அண்ணிதான் பேசினாள்: "கல்யாணம் வேணாம்னு சொல்றதுக்கு ஒரு சங்கமாம், கோமதி. சங்கம் வைக்காமலே இங்க எத்தனை பேரு கல்யாணமாகாம..." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பொங்கலைக் கிளற உள்ளே போனாள். பொங்கல் ஏற்கெனவே இறக்கியாகிவிட்டது.

ஜனவரி 17

இரண்டாம் இயல் முடித்தேன். அந்த வீட்டுக்காரி ஹேவோன், பல் மருத்துவர், 1990இல் பிறந்தவள். அது வெள்ளைக் குதிரை ஆண்டு. அந்த ஆண்டில் பிறக்கும் பெண் அடங்காதவள், புருஷனுக்கு ஆகாது என்று நம்பி, வயிற்றில் இருப்பது பெண் என்று தெரிந்ததும் அங்கே நிறையப் பேர் கலைத்துவிட்டார்கள். அவள் வகுப்பில் பையன்களுக்குச் சோடியாக உட்காரவைக்கப் பெண்கள் போதவில்லையாம். ஸ்கேன் பார்த்த டாக்டர் ஆண் என்று தவறாகச் சொன்னதால் ஹேவோன் பிறந்தாள்.

'அவர்கள் எங்களை ஜாதகம் பார்த்துக் கொன்றார்கள். மிஞ்சியவர்கள் ஜாதகம் பார்த்தே மறுக்கிறோம்' என்கிறாள் அவள்.

ஓரத்தில் 'கவர்ச்சியான வாக்கியம், சான்று?' என்று எழுதினேன்.

மெதூசா பற்றிய பகுதி நன்றாக வந்திருக்கிறது. கழிப்பறைகளில் ஒளித்துவைத்த கேமராக்களுக்கு எதிராக அங்கே பெண்கள் பல்லாயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். பார்த்தவனைக் கல்லாக்கும் மெதூசாவின் கண் அந்தக் கேமராவுக்குப் பதில் என்கிறாள் ரஞ்சனி. பெர்சியஸும் அவளை நேராகப் பார்க்கவில்லை, கேடயத்தில் விழுந்த பிம்பத்தைப் பார்த்துத்தான் தலையை வெட்டினான், அவனிடமும் ஒரு கருவி இருந்தது என்று குறித்தேன்.

ஜனவரி 20, திங்கள்

அண்ணன் காலையில் வந்தார். அம்மாவின் நகைகள் இருக்கும் லாக்கர் எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திறக்கலாம், சாவி ஒன்றுதான், அது என்னிடம். இருவரும் வங்கிக்குப் போனோம். அண்ணன் ஒரு பழுப்பு உறையை உள்ளே வைத்தார். நான் கேட்கவில்லை. திரும்பி வந்து சாவியைச் சமையலறையில் குளிர்பதனப் பெட்டிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினேன், நீலக் கயிற்றோடு.

ஜனவரி 21

ரஞ்சனியின் பாஸ்போர்ட்டைக் காணவில்லை. ஃபோனில் அழுதாள். அண்ணன், 'பத்திரமா இருக்கு, கல்யாணம் முடியட்டும்' என்றாராம்.

"எங்க வச்சிருப்பாருன்னு உங்களுக்குத் தெரியுமா அத்தை?"

தெரியாது என்றேன். நான் பார்த்தது ஒரு பழுப்பு உறையை மட்டும்.

ஜனவரி 24

தண்ணீர் வரவில்லை. மோட்டார் காயில் எரிந்துவிட்டதாம்.

ஜனவரி 27

தினமும் மாலை வருகிறாள். உறையூரில் உட்கார்ந்து எழுத முடியவில்லை என்கிறாள். அவளுக்கென்று ஒரு மர நாற்காலி வாங்கினேன். முதுகு சாய்த்தால் கிரீச்சிடுகிறது, கடைக்காரன் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

புது பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தால் என்ன என்றேன். "போலீஸ் விசாரிக்க வீட்டுக்குத்தான வருவாங்க. அப்பா காபி குடுத்து அனுப்பிடுவாரு."

மூன்றாம் இயல். அந்தப் பெண்கள் வட்டத்தில் ஒவ்வொருத்தியும் ஒரு தெய்வத்தை எடுத்துக்கொள்கிறாள். ரஞ்சனிக்கு ஹெஸ்தியா, கல்யாணம் வேண்டாம் என்று சத்தியம் செய்த அடுப்பங்கரைத் தெய்வம்.

"அந்தச் சத்தியத்தை எப்படிச் செஞ்சா, ஞாபகம் இருக்கா?" என்றேன். "ஸீயஸோட தலையைத் தொட்டு. அர்த்தமிஸும் அப்பா மடியில உக்காந்துதான் கேட்டு வாங்கினா. உன்னோட கன்னித் தெய்வங்க எல்லாம் குடும்பத் தலைவர் கிட்ட அனுமதிச் சீட்டு வாங்கினவங்க."

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "இதை எழுதிக்கிறேன் அத்தை."

எனக்கு யார் என்று கேட்டேன், விளையாட்டுக்கு.

"ஹெகாத்தே. புருஷன் கிடையாது, முச்சந்தியில தீப்பந்தம் பிடிச்சு நிப்பா. விளைச்சல் தெய்வம் தெமித்தரோட பொண்ணு காணாமப் போனப்ப வந்து உதவுனா."

பரவாயில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

வரன் வந்திருக்கிறது. பையன் கோயம்புத்தூர். ஜாதகம் பத்துக்கு எட்டுப் பொருத்தம். 'மகம் நட்சத்திரம், ஜகத்தையே ஆளும்' என்று ஜோசியர் புகழ்ந்தாராம். ஒன்பதாம் தேதி பெண் பார்க்க வருகிறார்கள். பையனுடைய அம்மா மட்டும் ஃபோனில் அரை மணி நேரம் பேசினாளாம்.

பிப்ரவரி 5

ரஞ்சனி நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே பேசினாள்.

"நான் யாரையும் காதலிக்கலை. ஓடிப்போகலை. படிச்சு முடிக்கணும்னு மட்டுந்தான் சொல்றேன். அது ஏன் யாருக்குமே புரியல? ஏதாவது செய்ய முடியுமா உங்களால?"

அவள் பார்வை சமையலறைப் பக்கம் போனது. தண்ணீர் வேண்டுமா என்றேன். இல்லை என்றாள்.

அப்போதுதான் எனக்கு ஒரு பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு நினைவுக்கு வந்தது. ஒரு வழி இருக்கிறது என்றேன்.

பிப்ரவரி 6

சீட்டு 1997ஆம் வருட நாட்குறிப்பில், அட்டைக்குள்ளேயே இருந்தது. ஆஸ்பத்திரித் தாள், நீல மை: பெண், இரண்டு கிலோ எழுநூறு, பகல் 11.20.

ரஞ்சனி பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் மட்டும்தான் இருந்தேன். அண்ணன் இரத்தம் வாங்கப் போயிருந்தார். பஞ்சாங்கத்தை வீட்டிலேயே பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஆயில்யம் பன்னிரண்டு பத்து வரைக்கும். அதற்குப் பிறகு மகம். ஆயில்யத்தில் பிறந்த பெண் மாமியாருக்கு ஆகாது. என் நட்சத்திரமும் ஆயில்யம்தான். அதற்குள் எனக்கு வந்து போன வரன்கள் ஒன்பது. ஒன்பது அம்மாக்களும் உயிருக்குப் பயந்தவர்கள்.

அண்ணன் மூச்சு வாங்க ஓடிவந்து நேரம் கேட்டபோது, ஒன்று இருபது என்றேன். அதை வைத்துத்தான் ஜாதகம் எழுதினார்கள்.

நம்பாத ஒன்றுக்காக நான் சொன்ன ஒரே பொய். பெண் பிழைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். அந்தப் பொய்யால்தான் இப்போது எட்டுப் பொருத்தம்.

பிப்ரவரி 8, சனி

சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இருபத்தேழு வருஷமா வாயத் தொறக்கல. இப்ப என்ன?"

"இன்னொரு குடும்பத்தை ஏமாத்தக் கூடாதுண்ணே."

இந்த வாக்கியத்தை வரும் வழியில் பேருந்திலேயே தயார் செய்திருந்தேன்.

அண்ணி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "மாமியாரை முழுங்குற நட்சத்திரமாச்சே. ஐயோ, கோயம்புத்தூர்க்காரம்மாவுக்கு ஏற்கெனவே பிரஷர் வேற." ரஞ்சனி மாடிப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 11, தைப்பூசம்

கோயம்புத்தூர் விலகிவிட்டது. 'வேற இடத்துல அமைஞ்சிடுச்சு' என்றார்களாம். ரஞ்சனி இங்கே வந்து இரண்டு தட்டு இட்லி உப்புமா சாப்பிட்டாள். ஹேவோனைத் திரையில் அழைத்து எனக்குக் காட்டினாள். குட்டை முடி, பெரிய பற்கள். நான் சொன்ன பொய்யையும் பிறகு சொன்ன உண்மையையும் ரஞ்சனி மொழிபெயர்த்தாள். ஹேவோன் கை தட்டினாள். "நான் தப்பான நேரத்தால பிழைச்சவளாம், அவங்க தப்பான ஸ்கேனால பிழைச்சவங்களாம், நாங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சின்னு சொல்றாங்க" என்றாள் ரஞ்சனி.

டிக்கெட்டுக்கு இன்னும் ஒன்பது நாள். பாஸ்போர்ட்டை அப்பாவே கொடுத்துவிடுவார் என்கிறாள். இனி வரன் வராதே, வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

நானும் அப்படித்தான் நினைக்கிறேன். காத்திருப்பது நல்லது.

பிப்ரவரி 15

அண்ணன் கோபப்படவே இல்லை. சீட்டை ஜோசியரிடம் கொண்டுபோயிருக்கிறார். ஜோசியர், "அதான் இத்தனை தடங்கல்" என்று சொல்லிவிட்டுப் புது ஜாதகம் எழுதித் தந்திருக்கிறார். தோஷத்துக்கு வழியும் அவரே சொன்னாராம்: மாமியார் இல்லாத வீடாகப் பார்த்துக் கொடுத்தால் தோஷமே கிடையாது.

எனக்கு இது எப்படித் தோன்றாமல் போனது? எனக்கும் ஒருமுறை தாயில்லாத வரன் வந்தது. எம்.ஃபில் முடியட்டும் என்றேன். அவர்கள் காத்திருக்கவில்லை.

ஜோசியரிடமே அப்படி ஒரு ஜாதகம் கையில் இருந்திருக்கிறது.

பிப்ரவரி 20, வியாழன்

இன்று அவள் விமானம். மதியம் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு கத்தரிக்கோலால் முடியை ஒட்ட வெட்டிவிட்டாள். அங்கே அந்தப் பெண்கள் அப்படிச் செய்வார்கள், கட்டுகளைக் கழற்றுவதாக அதற்குப் பெயர். இடுப்பு வரை இருந்த முடி. அண்ணி அலறிய அலறலில் பக்கத்து வீட்டார் வந்துவிட்டார்கள்.

நான் போனபோது அண்ணி அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள். வாசலில் நின்றவர்களிடம், "சமயபுரத்தாளுக்கு வேண்டுதல். பூமுடி குடுக்கலாம்னு பாத்தோம், அவதான் முழுசாவே குடுத்துட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இந்தக் காலத்துல எந்தப் பொண்ணு செய்யும்?"

ரஞ்சனி என்னைப் பார்த்தாள். நான் தரையில் கிடந்த முடியைக் கூட்டினேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

பெண் பார்க்க வந்தார்கள். அப்பா, இரண்டு பையன்கள். காஞ்சிபுரத்தில் வீடு. மூத்தவன் தினகரன் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கொரிய நிறுவனத்தில் வேலை. கெட்டவனாகத் தெரியவில்லை. காபித் தம்ளரை அவனே உள்ளே கொண்டுபோய் வைத்தான்.

"ஆறு வருஷமா ஹோட்டல் சாப்பாடும்மா" என்றார் அப்பா. "வெள்ளிக்கிழமை விளக்கேத்தக்கூட ஒரு ஆள் இல்ல."

முடி விஷயத்தை அண்ணி முந்திக்கொண்டு சொன்னாள். அவர் கண் கலங்கிவிட்டார். "எங்க வீட்டம்மாவும் இப்படித்தான், சமயபுரத்தா மேல உசிரு."

தினகரன் தனக்குத் தெரிந்த இரண்டு கொரிய வாக்கியங்களைச் சொன்னான். ரஞ்சனி நிமிர்ந்து, தெளிவாக, ஒரு நிமிடத்துக்கு மேல் அவனிடம் கொரிய மொழியில் பேசினாள். அறை அமைதியாகக் கேட்டது. அவன் வெட்கத்தோடு சிரித்தான். "ரொம்ப ஃபாஸ்ட்டா பேசுறாங்க. எங்க எம்.டி. பாத்தா அசந்துடுவாரு." அவன் அப்பா தொடையில் தட்டிக்கொண்டார்.

வெற்றிலைத் தட்டு மாற்றிவிட்டார்கள். பங்குனியில் கல்யாணம்.

அவனிடம் என்ன சொன்னாய் என்று அப்புறம் கேட்டேன்.

"நாலு இல்லையும் சொன்னேன்," என்றாள். "வரிசையா."

பிப்ரவரி 26

சியோலில் இன்றோடு பதிவு முடிகிறது. எனக்குப் பருவத் தேர்வு மேற்பார்வை, இரண்டு நேரமும். வங்கிப் பக்கம் போக நேரமில்லை.

மார்ச் 4, செவ்வாய்

முதலாமாண்டுக்குத் தெமித்தர் கதை. பாதாளத்து அரசன் தூக்கிப்போன மகளைக் காணாமல் தாய் விளைச்சலை நிறுத்துகிறாள், உலகம் காய்கிறது. 'அங்கே பெண்கள் செய்வதும் இந்த வேலைநிறுத்தம்தான்' என்று ரஞ்சனி நான்காம் இயலில் எழுதியிருக்கிறாள். கதையில் வேலைநிறுத்தம் வென்றதே, மகள் திரும்பி வந்தாளே என்று ஒரு மாணவி சொன்னாள். பாதாளத்தில் மாதுளை விதை தின்றிருந்தாள், அதனால் வருடத்தில் ஒரு பங்கு திரும்பப் போயாக வேண்டும் என்றேன். கட்டிக்கொடுக்கச் சம்மதித்தது அவளுடைய அப்பா என்பதையும் சொன்னேன்.

ஹெகாத்தே வரும் இடத்தை வாசித்துக் காட்டினேன். பெண் கத்தியபோது அவள் தன் குகையில்தான் இருந்தாள். கத்தலைக் கேட்டாள். பத்தாம் நாள்தான் பந்தத்தை எடுத்துக்கொண்டு தாயிடம் வந்தாள். வந்து, 'குரல் கேட்டது, கொண்டுபோனவனை என் கண்ணால் பார்க்கவில்லை' என்றாள்.

இந்த இடத்தில் மாணவிகள் யாரும் கேள்வி கேட்டதில்லை. இன்றும் கேட்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

அம்மாவின் நகைகளைக் கல்யாணத்துக்கு எடுக்க வேண்டும் என்று அண்ணன் அழைத்தார். வங்கியில் அவருக்கு மண்டபத்துக்காரரிடமிருந்து ஃபோன் வந்தது. வெளியே நின்று பேசினார். நான் லாக்கரைத் திறந்தேன். நகைப்பெட்டிக்கு அடியில் பழுப்பு உறை. அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இவ்வளவுதான் வேலை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மாலை ரஞ்சனியிடம் கொடுத்தேன். உறைக்குள் பார்த்தாள்.

"எங்க இருந்துச்சு?"

"லாக்கர்ல."

"அப்பா லாக்கரா?"

"ரெண்டு பேருக்கும் பொது."

அவள் தலை மெல்லத் திரும்பியது. நீலக் கயிறு. ஒரு மாதத்துக்கும் மேலாக அந்த ஆணிக்கு எதிரில்தான் அவள் நாற்காலி.

"அந்தச் சாவியா?"

"ஆமாம்."

"இங்கயேவா இருந்துச்சு? நான் அழுதுக்கிட்டு ஃபோன் பண்ணப்பவும்?"

காபி வைக்கட்டுமா என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். பாஸ்போர்ட்டில் தன் படத்தைப் பார்த்தாள், முடியுள்ள படம். மூடினாள்.

"அடுத்த பருவத்துக்கு..." என்றேன்.

"எடம் போயிடுச்சுத்தை. மெயில் வந்து அஞ்சு நாளாச்சு." உறையை மேசையில் வைத்து என் பக்கம் தள்ளினாள். "இருந்த இடத்துலயே வச்சிருங்க. காணோம்னா அப்பா அம்மாவைத்தான் பிடிப்பாரு. அவங்களுக்கு அடி வாங்கத் தெம்பு இல்ல."

அண்ணன் அண்ணியை அடிப்பார் என்பது எனக்குத் தெரியாது. இருபத்தெட்டு வருடமாக அந்த வீட்டுக்குப் போய் வருகிறேன்.

போகும்போது நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனாள். நான்கு இயல்களையும் எடுத்துப்போகவில்லை.

மார்ச் 8, சனி

இரண்டாம் சனி, வங்கி கிடையாது. கல்லூரியில் மகளிர் தினம். கோலப்போட்டிக்கு நான் நடுவர். தலைப்பு 'பெண்மை போற்றுவோம்'. குத்துவிளக்குக்கு முதல் பரிசு கொடுத்தேன். புள்ளி பிசகாமல் இருந்தது.

மார்ச் 9

நாற்காலியை மாற்றித் தர ஆள் வந்தான். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

வங்கிக்குப் போனேன். உறையை இருந்த இடத்தில் வைத்தேன். பதிவேட்டில் பெயர், கையெழுத்து, நேரம் எழுத வேண்டும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். அதையே எழுதினேன்.